வறட்சியை எழுதியவள்

பிரிஸ்கில்லாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதில் பாதி என்மேல் எனக்கே உள்ள கோபம். அது ஏன் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

கோவில்பட்டியில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். அவள் முதல் பெஞ்ச், நான் மூன்றாவது. நான் பி.எட். முடித்து, கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சரானேன். அவளுக்குப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை ஜெஸ்டின் லேத் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். பேச வேண்டிய இடத்திலும் பேசமாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் மாமியார் மதலேனம்மாள். ஜெஸ்டினின் தம்பி ஜோபின் எஞ்சினியரிங் முடித்துச் சென்னையில் வேலை பார்த்தான்.

பிரிஸ்கில்லா நாலைந்து இடத்தில் வேலை கேட்டு அலைந்துவிட்டு, கடைசியில் எட்டயபுரம் ரோட்டில் ஒரு எடைமேடையில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். லாரி ஏறி நிற்க ஒரு இரும்புத் தளம், பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, உள்ளே கம்ப்யூட்டர், பிரிண்டர், தலைக்கு மேலே சூட்டைச் சுற்றிவிடும் ஒரு ஃபேன். மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் ஏற்றிவரும் லாரிகள் சரக்கோடு ஒருமுறை ஏறும், சரக்கை இறக்கிவிட்டு ஒருமுறை ஏறும். வெறும் லாரி ஏறும்போது பின் சக்கரத்தை ஒரு சாண் வெளியே விட்டால் லாரியின் எடை குறையும், சரக்கின் எடை கூடும். எல்லா டிரைவரும் அறிந்த வித்தை அது.

ஒருநாள் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது கடற்கரை என்ற டிரைவர் அந்த வித்தையைச் செய்தார். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, பின் சக்கரம் வெளிய நிக்கு. முன்னால ஏத்துங்க.”

“ஒரு சாண்தானம்மா. அதுல என்ன வந்திரப் போவுது?”

“ஏறி நின்னாத்தான் சீட்டு அடிப்பேன். இல்லன்னா வேற மேடை பாத்துக்கிடுங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் அவள் காது சிவந்துவிட்டது. கல்லூரியிலும் அப்படித்தான். யாராவது பிட் அடித்தால் டீச்சரிடம் சொல்லமாட்டாள், காது மட்டும் சிவந்துவிடும்.

கொரோனா ஊரடங்கில் ஜோபின் வேலை போய் வீட்டுக்கு வந்தான். வரும்போது ஒரு நல்ல லேப்டாப்பும், அதில் ‘கோல்டு ரிட்ஜ்’ என்றொரு வெளிநாட்டு விளையாட்டும் கொண்டுவந்தான். ஆறு வீரர்களை வைத்துக்கொண்டு நாம் ஒருமுறை நகர்த்த வேண்டும், பிறகு எதிரி ஒருமுறை நகர்த்தும். சதுரங்கம் போல யோசித்து ஆடும் யுத்தம். எடைமேடையும் அப்போது மூடிக் கிடந்ததால் பிரிஸ்கில்லா ஒரு மத்தியானம் சும்மா ஆடிப் பார்த்தாள். இரண்டே வாரத்தில், ஜோபினால் தாண்ட முடியாத கட்டங்களை எல்லாம் தாண்டினாள். பிறகு இருப்பதிலேயே கடினமான நிலையை எடுத்தாள். அதில் தோற்றாள். திரும்பத் திரும்பத் தோற்றாள். எதற்காகத் தோற்கிறோம் என்று பார்க்க விளையாட்டின் கோப்புகளைத் திறந்தாள்.

மறுநாள் எனக்கு ஃபோன் வந்தது.

“செல்வி, இது கஷ்டமே கிடையாதுட்டி. களவாணித்தனம். நான் சொவருக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குதேன். எதிரி என்னையப் பாக்கல. ஆனா நான் எங்கன நிக்கேன்னு அவனுக்குத் தெரியுது. எப்படித் தெரியும்? உள்ள எழுதி வச்சிருக்கானுவ. அவன் குண்டு மட்டும் ரெண்டு பங்கு குறி தப்பாம விழும், அதையும் எழுதி வச்சிருக்கானுவ. அவன் என்னையவிட புத்திசாலியா இருந்தா நான் தோத்துட்டுப் போறேன். அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?”

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா என்று நான் சிரித்தேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளை ஆடுபவர்களே உள்ளே புகுந்து மாற்றி எழுதி, மற்றவர்களும் ஆடும்படி இணையத்தில் ஏற்றுவது உண்டு. ‘மாட்’ என்பார்கள். பிரிஸ்கில்லா ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். எடைமேடை திறந்ததும் அதை அங்கே கொண்டுபோய், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் எழுத ஆரம்பித்தாள். மூன்று வருஷம் எழுதினாள்.

முதலில் எதிரிக்கு இருந்த திருட்டுச் சலுகை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். நம் வீரனுக்கு எவ்வளவு உயிரோ, எதிரிக்கும் அவ்வளவே. நமக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது. அதற்குப் பதில் அவனுக்கு யோசிக்கக் கற்றுக் கொடுத்தாள். அடிபட்ட ஆளை இழுத்துக்கொண்டு பின்வாங்குவான். தோற்பது தெரிந்தால் ஓடிப்போய், அடுத்த சண்டையில் அதே ஆள் வன்மத்தோடு வருவான். பிறகு நிலத்தை மாற்றினாள். பனிமலையில் நடக்கிற விளையாட்டைத் தூக்கிக் கரிசல் காட்டில் போட்டாள். வெயில் காலத்தில் வெடிப்பில் கால் மாட்டும். மழை பெய்தால் ஒரு முறையில் எட்டுக் கட்டம் நகர்கிறவன் மூன்று கட்டம்கூட நகரமாட்டான். அந்த மூன்று சும்மா வந்த எண் அல்ல. ஐப்பசி மழை பெய்த மறுநாள் புதூர்ப் பக்கம் அவள் அப்பா சாமுவேல்ராஜின் புஞ்சையில் நூறு எட்டு எடுத்துவைத்து நடந்துவிட்டு, மண் அப்பிய செருப்பைக் கொண்டுபோய் ஊர்க் கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு செருப்பு முக்கால் கிலோ. அப்பா, “மழையில பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு” என்று எனக்கே ஃபோன் செய்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். ஒரு வரைபடத்துக்கு ஒரே கிணறு. ஐந்து முறை தண்ணீர் இல்லாமல் இருந்தால் குறி நடுங்கும். நமக்கும் அப்படித்தான், எதிரிக்கும் அப்படித்தான். எழுதியதற்கு ‘வறட்சி’ என்று பேர் வைத்தாள்.

எடைமேடையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். அவ்வளவு பெரிய கோப்பை அங்கிருந்து ஏற்ற முடியாது. வீட்டு இணைப்பு ஜோபின் பேரில் இருந்தது. “குடுங்க மைனி, நான் ஏத்திவிடுதேன்” என்று அண்ணியிடம் சொன்னான். மாட் ஏற்றும் இணையதளத்தில் கணக்கைத் தன் மின்னஞ்சலில் தொடங்கினான். பிரிஸ்கில்லாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், எழுத நேரம் பிடிக்கும். ஆடுகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு அவள் தமிழில் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் பதில் போட்டான். புதிதாக எழுதியதை எல்லாம் நாற்பது, ஐம்பது தடவை ஆடி எங்கே ஓட்டை என்று சொன்னான். உழைத்தான், அதை மறைக்கக் கூடாது.

வறட்சி பரவியது. முதல் வருஷம் சில நூறு பேர், மூன்றாம் வருஷம் ஒரு லட்சத்துக்கு மேல். எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு, கரிசல் சேற்றில் மாட்டிச் சாகிறோமே என்று புலம்பினார்கள். தோற்றவர்கள்தான் அதிகம் பாராட்டினார்கள். ஜோபினின் பதில்களில் முதலில் ‘நாங்கள்’ என்று இருந்தது. எந்த மாதத்திலோ அது ‘நான்’ ஆகிவிட்டது. பிரிஸ்கில்லா பதில்களைத் திரும்ப வாசிக்கவில்லை. அவள் அடுத்த பதிப்பை எழுதிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில், ஜெஸ்டின் ஃபோனை நீட்டி, “இங்க பாரு, நம்ம ஜோபின்” என்றார். சென்னையில் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் ஜோபினைப் பேட்டி எடுத்திருந்தார்கள். தனி ஆளாக உலகத்தையே தோற்கடித்த கோவில்பட்டிக்காரர் என்று தலைப்பு. கேட்கிறவர், “டீம்னு யாரும் இல்லையா?” என்கிறார். ஜோபின் சிரித்துக்கொண்டே, “இல்ல, எல்லாம் ஒத்தை ஆளுதான்” என்கிறான். செருப்பை எடை போட்ட கதையையும் சொல்கிறான். தன் செருப்பாம்.

சோற்றில் கையை வைத்தபடி பிரிஸ்கில்லா முழுசும் பார்த்தாள். பிறகு ஜெஸ்டினிடம் கேட்டாள்.

“இதைப் பாத்து உங்களுக்கு ஒண்ணும் தோணலயா?”

“என்ன தோணணும்? நல்லாத்தான பேசுதான்.”

“மூணு வருசமா நான் என்ன எழுதிட்டு இருந்தேன்?”

ஜெஸ்டின் கொஞ்சம் யோசித்தார். “அது நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதான?”

ஜோபின் பொய் சொன்னதைவிட இந்த ஒரு கேள்விதான் அவளைக் கிழித்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஒரே வீட்டில், ஒரே அறையில், மூன்று வருஷம் பக்கத்தில் இருந்த மனிதருக்கு அவள் கையில் இருந்தது என்ன என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை.

அந்தப் பேட்டியால் ஜோபினுக்குச் சென்னையில் ஒரு விளையாட்டு கம்பெனியில் பெரிய வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் பங்கு இளைஞர் இயக்கம் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தது. கோயிலில் பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில். நானும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பங்குச் சாமியார் சால்வை போட்டார். பிறகு அறிவிப்பாளர், “இப்போது அவருடைய அண்ணியார் பூங்கொத்து வழங்குவார்” என்றார்.

பிரிஸ்கில்லாவிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. எழுந்து மேடைக்குப் போனாள். பூங்கொத்தை வாங்கவில்லை, மைக்கை வாங்கினாள்.

“இந்த வறட்சியை எழுதினது நான். ஜோபின் இல்ல. மூணு வருசம் எடைமேடையில உக்காந்து எழுதினேன். இவன் நெட்ல ஏத்திவிட்டான், ஆடிப் பாத்தான். பேட்டியில சொன்னது பொய்.”

ஜோபின் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தில் சிரிப்பு மாறாமல் மைக்கை வாங்கினான்.

“மைனி சொல்லுததுல ஒரு உண்மை இருக்கு. அவிய இல்லன்னா நான் இல்ல. எனக்குப் பக்கபலமா இருந்தது அவியதான். எல்லாரும் அவியளுக்கும் ஒரு கைதட்டு குடுங்க.”

எல்லாரும் கைதட்டினார்கள். என் பிள்ளைகள் தட்டினார்கள். நானும் தட்டினேன். மூன்று வருஷமும் அவள் எழுதியதை ஃபோனில் கேட்டவள் நான். செருப்புக் கதை எனக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்தோடு கூட்டமாக என் கை தட்டிவிட்டது. மேடையிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வீட்டில் அன்று நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். மதலேனம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாராம்.

“ஏட்டி, நாலு பேரு முன்னால இப்படியா அசிங்கப்படுத்துவ? உனக்கு என்ன குறை? புருசன் இருக்கான், வேலை இருக்கு. அவன் வேலையில்லாம எத்தனை வருசம் இந்த மூலையில கெடந்தான்? இப்பத்தான் ஒரு வழி பொறந்திருக்கு. அதுல மண்ணள்ளிப் போடுதியே.”

“அத்தை, அவன் வேலைக்குப் போறது எனக்கும் சந்தோசம்தான். என் பேரைத் தூக்கிட்டு ஏன் போறான்?”

“பேரு, பேரு. பேரை வச்சு நீ என்ன செய்யப் போற?”

“அவன் என்ன செஞ்சானோ அதைத்தான்.”

பிறகு ஜோபினிடம் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டாள். அவன் அதை இரண்டு மாதம் முன்பே மாற்றியிருந்தான்.

“இப்ப மாத்திச் சொன்னா கம்பெனியில என் மரியாதை போயிரும் மைனி. நன்றின்னு ஒரு எடம் இருக்குல்ல, அதுல உங்க பேரை மொதல்ல போடுதேன்.”

“எனக்கு எதுக்குலே நன்றி? வீட்டுக்காரனுக்குத் திருடனா நன்றி சொல்லுவான்?”

ஜெஸ்டின் கூடவே நின்றார். “சவத்தை விடு, வீட்டுக்குள்ள உள்ள காரியம்” என்றார். அன்றிலிருந்து, ஜோபின் ஊருக்கு வந்தால் பிரிஸ்கில்லா அவனுக்குச் சோறு போடுவதில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். வேண்டுமானால் அவனே போட்டுத் தின்னட்டும்.

மாட் இருந்த இணையதளத்துக்கு எழுதினாள். பழைய பதிப்புகள், தேதிகள், குறிப்பு நோட்டின் படங்கள் எல்லாம் அனுப்பினாள். குழுவினருக்குள் நடக்கும் சச்சரவில் தலையிட இயலாது என்று மூன்று வரியில் பதில் வந்தது. அதை எனக்குக் காட்டினாள். நான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன், அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. “குழுவாம்” என்றாள். “எந்தக் குழு?”

ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் மன்றத்தில் தன் சொந்தப் பேரில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முதல்முறையாக எழுதினாள்: வறட்சியை எழுதியது நான், என் பேர் பிரிஸ்கில்லா, கோவில்பட்டியில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். கேலி கொட்டியது. ஜோபின் வீட்டில் காபி போட்டுக் கொடுத்தவரா என்று ஒருவன் கேட்டான். ‘நானும்தான் எழுதினேன்’ என்று கிண்டலாக இன்னும் பத்துப் பேர் வரிசையில் வந்தார்கள்.

அந்த ஆங்கிலத்தைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். தப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது. ஒருத்தன் திருத்திக் குடுத்துதான் இந்த நெலமைக்கு வந்திருக்கேன்.”

நாலாம் நாள் ஒரு ஆள் மட்டும் உருப்படியாகக் கேட்டார். போலந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் பெண். “நீங்கள்தான் எழுதினீர்கள் என்றால் ஒன்று சொல்லுங்கள். கிணற்றுக்குப் போகிற என் வீரனை எதிரி சுடுவதே இல்லை. ஏன்? பல மாதங்களாக ஜோபினிடம் கேட்கிறேன், பதில் இல்லை.”

பிரிஸ்கில்லா இரண்டு லாரிக்கு நடுவில் உட்கார்ந்து பதில் எழுதினாள். போகிறவன் கையில் வெறும் குடம். அவனைச் சுட்டால் ஒரு ஆள் சாவான், அவ்வளவுதான். நிறைத்துக்கொண்டு திரும்பி வருகிறவனை மறித்தால் ஆளும் போவான், தண்ணீரும் கிடைக்கும். அதனால் எதிரி காத்திருப்பான். ஆனால் அவனுக்கே தாகம் ஐந்து முறையைத் தாண்டிவிட்டால் காத்திருக்கமாட்டான், போகும்போதே சுடுவான், அப்போது குறி தப்பும். நீங்கள் அவனைக் காக்கவைத்தால் ஜெயிக்கலாம். இது எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்பதையும் எழுதினாள்.

அந்த நர்ஸ் அப்படியே ஆடிப் பார்த்தார். ஜெயித்தார். பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. இந்தச் செடிக்குப் பின்னால் ஒளிந்தால் ஏன் காயம் படுகிறது? அது வேலிக்கருவை, முள். மழை நின்ற பிறகும் ஏன் இரண்டு முறை சேறு இருக்கிறது? கரிசல் தண்ணீரை விடாது. பதினோரு நாள், ஒரு கேள்வியையும் விடாமல் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலிலும் கோபம் இருந்தது. ஒருவனுக்கு, “முந்தாநாளே சொன்னேன், வாசிக்காமல் கேட்கிறாய்” என்று எழுதியிருந்தாள். அந்தப் பதினோரு நாளும் ஜோபின் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவன் ஒரு காரியம் செய்தான். தானும் எழுதக்கூடியவன் என்று காட்டப் புதிய பதிப்பு ஒன்றை ஏற்றினான். இன்னும் கடினம் என்று விளம்பரம். அதில் எதிரியின் உயிரை இரண்டு மடங்காக்கி, சுவருக்குப் பின்னால் பார்க்கும் கண்ணையும் கொடுத்திருந்தான். எதிரியின் யோசனையைத் தொட அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எண்ணைக் கூட்டுவது.

பிரிஸ்கில்லா அதை இறக்கி ஒரே ஒரு சண்டை ஆடினாள். எனக்கு ஃபோன் செய்தாள்.

“திருடினான், சரி. திருடினதை வச்சுக்கிடவாவது தெரியணும்லா. நான் எதைப் பிடுங்கிப் போட்டேனோ அதையே கொண்டுவந்து நட்டு வச்சிருக்கான் செல்வி. அதுவும் என் வறட்சின்னு பேர் போட்டு.”

அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆடுகிறவர்கள் கொதித்துவிட்டார்கள். இது அதே கை இல்லை என்று முதல் நாளே எழுதினார்கள். போலந்து நர்ஸ் இரண்டு பதிப்புக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் போட்டார். பிரிஸ்கில்லா தன்னிடம் இருந்த அடுத்த பதிப்பைத் தன் பேரில் ஏற்றினாள். அதை ஏற்ற என் பள்ளிக்கூட இணைப்பைத்தான் பயன்படுத்தினோம், ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு. என்னால் முடிந்தது அவ்வளவே. ஒரு மாதத்தில் இணையதளத்தார் இறங்கி வந்தார்கள். ஜோபினின் பக்கத்தில், உரிமை குறித்த சர்ச்சை உள்ளது என்று ஒரு குறிப்புப் போட்டார்கள். அவள் பக்கத்தை அவள் பேரிலேயே வைத்தார்கள்.

ஜெயித்துவிட்டாய் என்றேன். “என்னத்தை ஜெயிச்சேன்?” என்றாள். “மூணு வருசம் சனங்க எழுதின பாராட்டு அம்புட்டும் அவன் பக்கத்துலதான கெடக்கு.”

அடுத்து ஜோபின் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம். அவள் திறமையை மதிக்கிறார்களாம். வீட்டிலிருந்தே பகுதி நேர ஆலோசகராக வேலை செய்யலாமாம். கடைசிப் பத்தியில், திரு. ஜோபினின் வழிகாட்டுதலின்கீழ் என்று இருந்தது. பிரிஸ்கில்லா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஜெஸ்டினை வாசிக்கச் சொன்னாள். இந்தமுறை ஜெஸ்டின் கடைசிவரை வாசித்தார். வாசித்துவிட்டு, “இது சரியில்ல” என்றார். இரண்டு சொல். இந்த விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நியாயம். அவளுக்கு அதிலும் கோபம்தான். “இப்பவாவது தெரிஞ்சுதே” என்று எழுந்து போய்விட்டாள். கம்பெனிக்கு, முடியாது என்று ஒரு வரி எழுதினாள்.

கார்த்திகையில் ஜோபினே எடைமேடைக்கு வந்தான். ஆள் இளைத்திருந்தான். கம்பெனியில் அவனைக் கேள்வி கேட்கிறார்களாம். கையில் ஒரு தாள் வைத்திருந்தான். இருவரும் சேர்ந்து சரிபாதியாக உருவாக்கினோம் என்று அதில் அச்சடித்திருந்தது.

“ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க மைனி. சரிபாதின்னுதான போட்டிருக்கேன். உங்க பேருதான் மொதல்ல.”

அவள் தாளைப் படித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, பேனாவால் தமிழில் எழுதினாள். அவன் நின்றுகொண்டிருந்தான். எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தாள்.

“வறட்சியின் எல்லா விதிகளையும், எதிரியின் யோசனை முழுவதையும், எல்லா வரைபடங்களையும் எழுதியது பிரிஸ்கில்லா. அதை இணையத்தில் ஏற்றியது ஜோபின். கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் போட்டது ஜோபின். ஒவ்வொரு பதிப்பையும் நாற்பது தடவைக்குக் குறையாமல் ஆடிப் பார்த்துக் குறை சொன்னது ஜோபின். அவன் கண்டுபிடித்த பிழைகள் நூற்றுப் பன்னிரண்டு. பேட்டியில் அவன் சொன்னது உண்மை அல்ல.”

கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

“இதுல ஒரு வரி பொய்யின்னு சொல்லு, அடிச்சுருதேன்.”

ஜோபின் அந்த எண்மேல் விரலை வைத்தான். “நூத்திப் பன்னெண்டுன்னு எண்ணி வச்சிருக்கீங்களா மைனி?”

“நீ செஞ்சதை நான் ஏன் மறைக்கணும்?”

அவன் கண் கலங்கியது என்றாள். ஆனால் தாளை வாங்கவில்லை. “கடைசி வரியை மட்டும் எடுத்திருங்க” என்றான். அவள் எடுக்கமாட்டேன் என்றாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வரவில்லை. மதலேனம்மாள் பண்டிகை முழுக்க மருமகளிடம் பேசவில்லை.

பங்குனியில் ஜெஸ்டின் ஒருநாள் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்தார். ஜோபின் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் சேர்ந்துவிட்டானாம். இணையத்தில் தன்னைப் பற்றிப் போட்டிருக்கும் பக்கத்தில் இப்போது வறட்சி என்ற பேரே இல்லையாம். அவள் மனம் ஆறும் என்று நினைத்து அதைச் சொன்னார்.

“எடுத்துட்டானா?”

“எடுத்துட்டான். நானே பாத்தேன்.”

“என் பேரைப் போட்டிருக்கானா?”

ஜெஸ்டின் ஃபோனை இன்னொருமுறை பார்த்தார். “இல்ல.”

“அப்ப என்ன?” என்றாள். லேப்டாப்பைத் திறந்து, காலையில் நிறுத்திய வரியிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.